பராமரிப்பு இல்லம் பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது

முதியோர் பராமரிப்பு இல்லம் பார்க்க வருகிற குடும்பத்தை முன் ஹாலில் உட்கார வைப்பார்கள். டிவி ஓடிக்கொண்டிருக்கும். நடக்கத் தெம்புள்ள மூன்று நான்கு பேர் தலைவாரி, சுத்தமான உடையில் இருப்பார்கள். மேனேஜர் கட்டண விவரத்தை நீட்டுவார். பினாங்கு ஜெலுத்தோங் ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனாலும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது. பெரும்பாலான குடும்பங்கள் இந்த ஹாலைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகின்றன.

அந்த இல்லத்திலேயே மிக மோசமான நிலையில் இருப்பவர் யார், எழவும் பேசவும் முடியாமல் படுத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். அவர் அறை வாசல்வரை போய்ப் பாருங்கள். தன் குறையைத் தானே சொல்ல முடிகிறவரை எந்த இல்லமும் ஓரளவு நன்றாகத்தான் வைத்திருக்கும். வாய் திறக்க முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் இல்லத்தின் தரம் தெரியும். இன்று தடியூன்றி நடந்து போய்ச் சேரும் அப்பாவும் ஒரு நாள் அந்தக் கட்டிலுக்கு வரக்கூடியவர்தான். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கட்டிலை மனதில் வைத்துத்தான்.

முதலில் உரிமம்

நம் மலேசியாவில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் (சட்டம் 506) கீழ் சமூக நல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிவான ‘பூசாட் ஜாகாஆன்’ ஒரு வகை. 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் (சட்டம் 586) கீழ் சுகாதார அமைச்சிடம் உரிமம் பெற்ற நர்சிங் ஹோம் இன்னொரு வகை. முதல் வகை தங்க இடம், சாப்பாடு, குளிப்பாட்டுதல், துணை ஆகியவற்றுக்கு உரியது. மூக்கு வழி டியூப், சிறுநீர்க் குழாய், ஆழமான புண், ஆக்சிஜன் என்று தாதியின் கை தேவைப்படுகிறவருக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம். பலகையில் ‘நர்சிங்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சான்றிதழை நேரில் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்தது, எந்த முகவரிக்குக் கொடுத்தது, எப்போது காலாவதி ஆகிறது என்று மூன்றையும் படியுங்கள். ஒரே உரிமையாளர் அடுத்தடுத்த தெருக்களில் மூன்று வீடுகள் நடத்துவார், சான்றிதழ் ஒரு வீட்டுக்கு மட்டும் இருக்கும். முகவரியைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எத்தனை பேர் தங்க அனுமதி என்று கேட்டுவிட்டு, நடக்கும்போதே கட்டில்களை எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கு இடித்தால் அதற்குமேல் அங்கே பார்க்க வேண்டியதில்லை.

தாதி இருக்கிறார் என்றால், அவர் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவானவரா, இந்த ஆண்டுக்கான பணிச் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம். அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ். வெள்ளைச் சட்டை போட்டவர் எல்லாரும் தாதி இல்லை. நல்ல பராமரிப்பாளராக இருப்பதற்குத் தாதியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் டியூப் மாற்றுவது யார் என்ற கேள்விக்கு ஒரு பெயரும், அவருடைய தகுதியும் பதிலாக வர வேண்டும்.

இரவுக் கணக்கு

பகலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். இரவில் எத்தனை பேர் என்று கேட்பவர் குறைவு. அதை மேனேஜரிடம் கேட்டதோடு விடாமல், அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் சாதாரணமாக, “அக்கா, ராத்திரியில எத்தனை பேரு இருப்பீங்க? தூங்க நேரம் கிடைக்குமா?” என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டவர் என்றால் மலாயில் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப் போக வேண்டும்.

இரவுக் கணக்கை நீங்களே போடலாம். படுத்த படுக்கையாக 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பி, பேம்பர்ஸ் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, மாற்றி, தலையணை வைத்து, கை கழுவ ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம். 12 பேருக்கு 120 நிமிடம். கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளுக்கு மறுபடி நேரம் வந்துவிடும். இரவில் ஒரே ஒருவர் இருந்தால் அவர் ஒரு நிமிடம்கூட உட்காரக் கூடாது, யாரும் மணி அடிக்கக் கூடாது, யாரும் விழக் கூடாது, யாருக்கும் சர்க்கரை இறங்கக் கூடாது. கனமான ஒருவரை ஒற்றை ஆளாகப் புரட்டவும் முடியாது. இழுப்பார்கள். இழுக்கும்போது முதுகுத்தோல் விரிப்பில் உராய்ந்து உரியும். அதனால் அப்படி ஓர் இல்லத்தில் ‘இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புகிறோம்’ என்று சொன்னால், அந்தப் பெண் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது நடக்க வழியில்லை. நல்ல மனம் ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்யாது.

பெருநாள் காலம் தனிக் கணக்கு. நோன்புப் பெருநாளுக்கு இந்தோனேசியப் பணியாளர்கள் ஊருக்குப் போவார்கள். சீனப் புத்தாண்டுக்கு உரிமையாளர் குடும்பமே இருக்காது. அந்த வாரங்களில் யார் பார்ப்பார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கத்து இல்லமாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. தைப்பூசத்தன்று அங்கே சாலைகளை மூடுவார்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?

புண்ணும் புத்தகமும்

படுக்கைப் புண் ஒரு நாளில் வருவதில்லை என்பார்கள். அசையாமல் கிடக்கும் மெலிந்த உடம்புக்குச் சில மணி நேரமே போதும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, உள்ளே சதை சாகத் தொடங்கும். வெளியே தெரியும்போது உள்ளே பெரிதாகியிருக்கும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை, ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்பக்கம், இவைதான் வழக்கமான இடங்கள்.

முதல் கட்டத்தில் தோல் கிழியாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நிற்கும். ஆனால் இது வெளிறிய தோலுக்குச் சொன்ன விதி. நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அக்கம்பக்கத்துத் தோலைவிடக் கருத்தோ ஊதா நிறத்திலோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாக அல்லது சில்லென்று இருக்கும். அழுத்தினால் மற்ற இடத்தைவிடக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். இதைத் தெரிந்த இல்லம் ஒன்று இருந்தால் அதன் பணியாளருக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்டுப் பாருங்கள்: “கருப்புத் தோலில் புண் ஆரம்பிப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

குதிகாலின் கீழ் தண்ணீர் நிரப்பிய ரப்பர் கையுறை வைத்திருந்தால் அது பழைய வழக்கம். குதிகாலை அது காப்பதில்லை. கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் நிற்க வைப்பதுதான் சரி. சிவந்த இடத்தைத் தைலம் போட்டுத் தேய்ப்பதும் தவறு, நசுங்கிய சதை மேலும் கிழியும். காற்று மெத்தை போட்டிருந்தால் பம்ப்பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விரித்து, நோயாளியின் வால் எலும்புக்கு நேர் கீழே நுழைத்தால் எலும்பு கையில் முட்டக் கூடாது. முட்டினால் மெத்தையில் காற்று போதவில்லை. காற்று மெத்தை இருப்பதால் திருப்ப வேண்டியதில்லை என்று சொல்கிற இல்லத்தை விட்டுவிடுங்கள்.

இனி அந்தத் திருப்பும் அட்டவணை. கட்டில் முனையில் தொங்கும். இதை இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். காலை பத்து மணிக்கு நீங்கள் நிற்கும்போதே பன்னிரண்டு மணிக் கட்டத்திலும் இரண்டு மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால் அந்தத் தாள் ஒட்டுமொத்தமாகப் பொய். ஒரு வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கை என்றாலும் அப்படித்தான், யாரும் ஏழு இரவும் ஏழு பகலும் வேலை செய்வதில்லை. ‘இடது’ என்று குறித்திருக்கும் நேரத்தில் ஆள் மல்லாந்து கிடந்தால் அதுவும் பதில்தான். உண்மையான அட்டவணையில் அடித்தல் இருக்கும், இருபது நிமிடத் தாமதம் இருக்கும், ‘கிளினிக் போயிருக்கிறார்’ என்ற குறிப்பு இருக்கும். ஒழுங்குகெட்டதாகத் தெரிகிற தாளை நான் அதிகம் நம்புவேன்.

எடைப் புத்தகத்தையும் கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது எடை பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, ஆறு மாதத்தில் 10 விழுக்காடு குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. 50 கிலோ பாட்டிக்கு மாதத்தில் இரண்டரைக் கிலோ. நிற்க முடியாதவரை எப்படி எடை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், சக்கர நாற்காலியோடு நிறுக்கும் தராசையோ தூக்கி நிறுக்கும் கருவியையோ காட்ட வேண்டும். “பார்த்தாலே தெரியும்” என்பது பதில் இல்லை.

குழாய்கள்

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பில் பயம் ஒன்றுதான்: முனை நகர்ந்து நுரையீரல் பக்கம் போய்விட்டால் பால் நேரே அங்கே போகும். அதனால் மூக்கருகே டியூப்பின் எந்த அளவுக்குறி நிற்கிறது என்று எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். இரைப்பை நீரைச் சிறிது உறிஞ்சி அமிலத்தாளில் விட்டால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு இது கூடுதலாகக் காட்டலாம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். ஊசிக்குழலால் காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறை நம்பத் தகாதது, டியூப் தப்பான இடத்தில் இருந்தாலும் சத்தம் கேட்கும்.

பால் கொடுக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், முடிந்தபிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். பால் தன் எடையால் மெல்ல இறங்க வேண்டும். பிஸ்டனை அழுத்தி இரண்டு நிமிடத்தில் உள்ளே தள்ளினால் வாந்தி, அதன்பின் நிமோனியா. முன்னும் பின்னும் 30 மில்லி அளவு தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளைப் பொடித்துப் போடுகிறார்களா, எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று தெரியுமா என்றும் கேளுங்கள். நாள் முழுக்க மெல்லக் கரைவதற்காகச் செய்த ரத்த அழுத்த மாத்திரையைப் பொடித்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் இறங்கி, அழுத்தம் சரிந்துவிடும்.

சிபிடி என்று சொல்லும் சிறுநீர்க் குழாயில் பார்க்க வேண்டியது எளிது. பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்போது பையைத் தூக்கி மடியில் போடுகிறார்களா என்று கவனியுங்கள். அப்போது சிறுநீர் பின்னோக்கிப் போகும், கிருமியும் கூடவே. சிலிக்கான் குழாய் என்றால் அதிகபட்சம் 12 வாரம். கடைசியாக மாற்றிய தேதி கோப்பில் இருக்க வேண்டும்.

மருந்து

சர்க்கரை நோயாளி வயதானவராகவும் குறைவாகச் சாப்பிடுபவராகவும் இருந்தால், அவருக்கு இன்சுலின்தான் மிக ஆபத்தான மருந்து. ஒரு கேள்வி போதும்: காலைச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டால் ஊசி போடுவீர்களா? யோசிக்காமல் ‘எப்போதும் போல’ என்று சொன்னால் ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள் என்பதற்கு, விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்போம், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற மாட்டோம், 999 அழைப்போம் என்று பதில் வர வேண்டும். முதியவருக்குச் சர்க்கரை இறங்கினால் கைநடுக்கமும் வேர்வையும் எப்போதும் வராது. திடீர்க் குழப்பம், எரிச்சல், தூக்கம் என்றே வரும். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள்.

குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், உறைபகுதிக்கு ஒட்டி இருக்கக் கூடாது, உறைந்தால் பயன் போய்விடும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசி) ஒவ்வொன்றிலும் ஆள் பெயரும் திறந்த தேதியும் எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான வகைகளைத் திறந்து நான்கு வாரத்துக்குமேல் வைக்க முடியாது. ஊசி முனையை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை இன்னொருவருக்குப் போடக் கூடாது, பேனாவுக்குள் ரத்தம் திரும்பி ஏறும். மீன், முட்டை, மைலோவுக்கு நடுவே பெயரில்லாத நான்கு பேனாக்கள் கிடந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மாலை நான்கு மணிக்கே இல்லம் முழுக்க அமைதியாகத் தூங்கினால் அதைப் பாராட்டாதீர்கள். மறதி நோயாளிகளை அடக்க மனநோய் மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. மறதி நோய் உள்ள முதியவர்களிடம் அந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. கொடுக்கவே கூடாது என்பதில்லை. யார் எழுதிக் கொடுத்தார், எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்று கோப்பில் இருக்க வேண்டும், குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கை கட்டுவதும் அப்படித்தான். டியூப்பைப் பிடுங்குகிறார் என்று மணிக்கட்டைக் கட்டிலில் கட்டினால், அவர் தன்னைத்தானே திருப்பிக்கொள்ளவும் முடியாது, புண் வரும். எப்போது கட்டுகிறீர்கள், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அவிழ்க்கிறீர்கள், எங்கே எழுதுகிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். கட்டில் கம்பியும் ஒரு கட்டுதான். கம்பிகளுக்கு நடுவிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவிலும் 120 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் மெலிந்த ஒருவரின் தலை சிக்கும். ஒட்டுப்போட்ட பழைய கட்டிலில் புது மெல்லிய மெத்தை போட்டிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சாப்பாடும் பேச்சும்

எத்தனை மணிக்கு இரவுச் சாப்பாடு, எத்தனை மணிக்குப் பசியாறல் என்று கேளுங்கள். பணியாளர் மாறும் நேரத்துக்காக மாலை நாலரைக்கே சோறு கொடுத்து, மறுநாள் எட்டு மணிக்குப் பசியாறல் கொடுக்கும் இல்லங்கள் உண்டு. அது பதினைந்தரை மணி நேரம் வெறும் வயிறு. இரவு இன்சுலின் போட்டவருக்கு இது எவ்வளவு மோசம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு ஒரு குவளை பாலும் பிஸ்கட்டும் எழுதி வைத்தபடி உண்மையாகவே கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். ஒருவருக்கு ஊட்ட இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஊட்ட வேண்டியவர் ஆறு பேர், ஊட்டுகிறவர் ஒருவர் என்றால் கடைசி ஆளுக்கு ஆறிப்போன கஞ்சி, அவசரமான கரண்டி. அவசரத்தில்தான் புரையேறும். ரொட்டி, புலுட் போன்ற ஒட்டும் பலகாரம், உதிரியான சோறு இவர்களுக்கு ஆகாது. சோற்றைக் குழைத்து, மீன் முள்ளைத் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். வாய்க்குள் பருக்கை ஒதுங்கியிருக்கிறதா என்று முடிந்ததும் பார்க்க வேண்டும். அது கிடந்தால் படுக்கும்போது நுரையீரலுக்குப் போகும்.

நம் குடும்பங்கள் தனியாகக் கேட்க வேண்டியவை சில. மாட்டிறைச்சி சமைத்த சட்டியிலேயே எல்லாருக்கும் சமைக்கிறார்களா? வெள்ளிக்கிழமை, புரட்டாசி, தைப்பூச விரதத்துக்குச் சைவம் கிடைக்குமா, கிடைத்தால் அதில் புரதம் இருக்குமா? சைவம் என்றால் வெறும் சோறும் கீரையும் என்று எண்ணுகிற சமையலறையில், ஒரு மாத விரதம் முடிவதற்குள் எடை இறங்கிவிடும். பருப்பு, தவ்வூ (டோஃபு), தயிர், அந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டால் முட்டை என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவும். நாற்பது வருடம் மலாயில் கடை நடத்தியவரும் தமிழில் மட்டும் பேசத் தொடங்குவார். மியன்மாரிலிருந்து வந்த பிள்ளைக்கு அது புரியாது. ‘நோவுது’ என்று அவர் கத்துவதை முரட்டுத்தனம் என்று எழுதி வைப்பார்கள். தமிழ் பேசுகிற ஒருவராவது ஒவ்வொரு ஷிப்ட்டிலும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வலி, தண்ணீர், ஒண்ணுக்கு, குளிருது, மயக்கம் வருது, யாரு, பயமா இருக்கு என்று பத்துப் பதினைந்து சொற்களை ரூமியில் (ரோமன் எழுத்தில்) எழுதி, பக்கத்தில் மலாய் அர்த்தத்தோடு கட்டிலருகே ஒட்டிவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் ஆர்வமாகக் கற்றுக்கொள்வார்கள்.

தீ, வெள்ளம், மின்தடை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பாதிக்கு மேற்பட்ட இல்லங்கள், பார்த்த அளவில், குடியிருப்பு வீட்டை மாற்றி அமைத்தவை. ஜன்னலுக்கெல்லாம் திருடனுக்குப் பயந்து இரும்புக் கிராதி. 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கிராமாட்டில் சமயப் பள்ளி விடுதி தீப்பிடித்தபோது, கிராதி போட்ட ஜன்னல்களைத் தாண்ட முடியாமல் 23 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் ஓடக்கூடிய பிள்ளைகள். நடக்கவே முடியாத முதியவர்களை நினைத்துப் பாருங்கள். படுத்த படுக்கையானவர்களை மாடியில் வைத்திருந்தால் எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள். ‘பொம்பா (தீயணைப்புப் படை) வரும்’ என்பது திட்டம் ஆகாது. கிராதியில் பூட்டு இருந்தால் சாவி எங்கே, இரவுப் பணியாளருக்குத் தெரியுமா? அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். தீயணைப்பான் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, அதன் சான்று வில்லை இந்த ஆண்டுக்குரியதா, அவசர விளக்கின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் எரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கீழ்மாடி தீக்கு நல்லது, வெள்ளத்துக்குக் கெட்டது. 2017 நவம்பரில் பினாங்கும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கும் மூழ்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எதுவரை தண்ணீர் வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அப்படியே இல்லத்தைப் பற்றியும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இரவில் கேட்கும் சத்தம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆக்சிஜன் இயந்திரத்தில் இருப்பவருக்கு மின்சாரம் போனால் மாற்றுச் சிலிண்டர் வேண்டும், அதில் வாயு இருக்க வேண்டும், திறக்கும் சாவி கூடவே தொங்க வேண்டும்.

குளியலறை: கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உங்கள் எடையைப் போட்டு இழுத்துப் பாருங்கள். டவல் மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டுகிறவர்கள் உண்டு.

சொறி

வெளிப்படையாகப் பேசாத விஷயம் இது. ஸ்கேபிஸ் இல்லங்களில் அடிக்கடி வரும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி நமைச்சல், இரவில் அதிகம். வந்ததற்காக ஓர் இல்லத்தைக் குறை சொல்ல மாட்டேன், எப்படிச் சமாளித்தார்கள் என்றுதான் பார்ப்பேன். முதன்முறை தொற்றியவருக்கு நமைச்சல் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவர் பிறருக்குப் பரப்பியிருப்பார். அதனால் சொறிகிறவருக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. அறையில் உள்ள எல்லாருக்கும், அவர்களைத் தொட்ட பணியாளருக்கும் ஒரே நாளில் 5 விழுக்காடு பெர்மெத்ரின் கிரீமை உடம்பு முழுக்கப் பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். துணி, விரிப்பு எல்லாம் அன்றே வெந்நீரில் துவைக்க வேண்டும். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டு, ‘வந்ததே இல்லை’ என்று பதில் வந்தால் எனக்குச் சந்தேகம் கூடும்.

பணம், ஒப்பந்தம்

மாதக் கட்டணத்தில் எது அடங்காது என்று எழுத்தில் வாங்குங்கள். பேம்பர்ஸ், பால் மாவு, புண் கட்டும் பொருள், டியூப் மாற்றும் கூலி, கிளினிக்குக்குத் துணையாக ஆள் வருவது, ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், பிசியோதெரபிஸ்ட், எல்லாம் தனியாக ஏறலாம். மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, மாத நடுவில் இறந்தால் மீதிப் பணமும் வைப்புத் தொகையும் என்ன ஆகும் என்ற கேள்வி கசப்பானதுதான், கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அடையாள அட்டை அவசரத்துக்கு இல்லத்தில் இருக்க வேண்டியிருந்தால், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

சேர்த்த அன்று

பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒரு பணியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, தலை முதல் குதிகால் வரை தோலைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள காயம், தழும்பு எல்லாவற்றையும் இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். புண் இருந்தால் மட்டும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அன்றைய எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்துப் பட்டியல் நான்கும் கோப்பின் முதல் தாளில் இருக்கட்டும். பின்னால் ஏதாவது தவறினால் ‘வரும்போதே இருந்தது’ என்ற பேச்சுக்கு இதுதான் பதில். இது நேர்மையாக நடத்துகிற இல்லத்தையும் காக்கும்.

முதல் மாதம் போகும் நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். ஞாயிறு மதியத்தில் எல்லாரும் வருவார்கள், இல்லமும் தயாராக இருக்கும். வேலைநாள் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, காலைப் பசியாறும் நேரத்தில் ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கையில் பழம் கொண்டு போனால் பணியாளருக்கும் கொடுங்கள், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள், உதடு காய்ந்திருக்கிறதா பாருங்கள், பேம்பர்ஸைத் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

குறை கண்டால் முதலில் மேனேஜரிடம் எழுத்தில், தேதியோடு சொல்லுங்கள். வாட்ஸ்அப் போதும். அடி, கட்டிப்போடுதல், பட்டினி என்று சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999 எந்நேரமும் எடுக்கும். பூசாட் ஜாகாஆன் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும், நர்சிங் ஹோம் என்றால் மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவத்தைக் கவனிக்கும் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். சான்றிதழில் பார்த்த பதிவு எண், முகவரி, சேர்த்த அன்று எழுதிய தாள், தேதியிட்ட படங்கள் நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.